செய்தி வருமுன்னே அழுதவர்

என் அத்தான் பற்பசை விளம்பரத்துக்கே மூக்கைச் சிந்துகிற ஆள். முன்பின் தெரியாத ஒரு கல்யாணத்தில், பெண்ணைப் பெற்றவரைவிட அதிகமாக அழுது, "நீங்க பொண்ணுக்கு என்ன உறவுங்க?" என்று அவரையே கேட்க வைத்தவர். சோப்புக் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு உட்கார்ந்ததும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "இந்த மனுஷனுக்கு ஏதாவது வேலை பாருடா. வெங்காயம் நறுக்கறது நானு, அழறது இவரு."

நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் மைக், கேமராவைப் பார்த்துக்கொள்கிறவன். கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று மாணவர்களைப் பழக்க அங்கே தனியாக ஓர் அறை உண்டு. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, டிஷ்யூ பெட்டி, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவருக்கு அது முகம் பார்க்கிற கண்ணாடி. அதற்குப் பின்னால் நிற்கும் பேராசிரியைக்கும் எனக்கும் ஜன்னல். உள்ளே நோயாளியாகவோ சொந்தக்காரராகவோ நடிக்க ஆள் தேடினார்கள். நான் அத்தானைச் சிபாரிசு செய்தேன்.

அவருக்குக் கிடைத்த வேஷம், ஆபரேஷனில் மனைவியைப் பறிகொடுத்த கணவர். ஒரே ஒரு விதி. மாணவர் வாயால் சொன்னது மட்டும்தான் அவருக்குத் தெரியும். பூசி மெழுகினால் நல்ல சேதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பையன், "இனிமே அவங்களுக்கு வலியே இருக்காதுங்க" என்றான். அத்தான் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப சந்தோஷம் டாக்டர். வீட்டுக்கு எப்பக் கூட்டிட்டுப் போகலாம்?" பையனுக்கு வேர்த்துக் கொட்டியது. பேராசிரியை சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அத்தானுக்கு அந்த நாற்காலி உயிராகிவிட்டது. காலையிலேயே சவரம், இஸ்திரி போட்ட சட்டை, பவுடர். "பொண்டாட்டி செத்ததுக்கு இவ்வளவு அலங்காரமா?" என்று அக்கா கேட்பாள்.

வினை அவருடைய இளகிய மனசிலேயே இருந்தது. பிள்ளைகள் திணறினால் தாங்க மாட்டார். அவர்கள் விஷயத்தைச் சொல்லும் முன்பே இவர் பொலபொலவென்று அழுதுவிடுவார். அழுகிற ஆளிடம் அப்புறம் சொல்ல என்ன இருக்கிறது? தோளைத் தட்டிவிட்டு அவர்கள் தப்பித்துவிடுவார்கள். பேராசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை முந்திக்கிட்டு அழுதீங்கன்னா, நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

தேர்வு நாளில் ஒரு பயந்தாங்கொள்ளிப் பெண் வந்தாள். "ஐயா, உங்க மனைவி... ஆபரேஷன்ல..." அதற்குமேல் வரவில்லை. உதடு துடித்தது. அத்தான் விட்டத்தைப் பார்த்தார், தொடையைக் கிள்ளிக்கொண்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். என்ன கெஞ்சி என்ன? "என்னை விட்டுட்டுப் போயிட்டாளே" என்று மேஜைமேல் சாய்ந்துவிட்டார்.

பேராசிரியை அந்தப் பெண்ணை வெளியே கூப்பிட்டார். "நீ இன்னும் ஒண்ணுமே சொல்லலை. உனக்கு எப்படி மார்க் போடறது? ஒண்ணு பண்ணு. நாளையிலேர்ந்து அவர் வர வேண்டாம். அதைப் போய் அவர்கிட்ட நீயே சொல்லு. அதுதான் உனக்குப் பரீட்சை."

"மேடம், அவர் எங்க அத்தான்" என்று இழுத்தேன்.

"அப்ப வீட்டுல நீங்க சமாதானப்படுத்துங்க."

அவள் திரும்பப் போய், நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஐயா, ஒரு கெட்ட செய்தி. உங்களை வேலையிலேர்ந்து எடுத்துட்டாங்க. நாளைக்கு நீங்க வர வேண்டாம்."

அத்தான் இதைப் புது வேஷம் என்று நினைத்துவிட்டார். வெளுத்து வாங்கினார். "நாலு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்" என்று, இல்லாத பிள்ளைகளுக்காக மாரில் அடித்துக்கொண்டார்.

"ஐயா, இது நடிப்பு இல்லைங்க. நிஜமாத்தான் சொல்றேன்."

அடித்த கை மாரிலேயே நின்றுவிட்டது. கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் நான் நிற்பது அவருக்குத் தெரியும். அந்தப் பெண் ஆறுதல் சொல்லவில்லை, தோளைத் தட்டவில்லை, எழுந்து போகவுமில்லை. பக்கத்திலேயே இருந்தாள்.

அத்தான் அவள் பக்கம் திரும்பினார். "இதைச் சொல்றதுதான் உனக்குப் பரீட்சையாம்மா?"

"ஆமாங்கய்யா."

"பாஸ் பண்ணிட்டியா?"

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். பேராசிரியை ஸ்பீக்கரில், "பாஸ்" என்றார்.

அத்தான், நல்லது என்று தலையாட்டினார். அதற்கப்புறம்தான் அழுதார், சத்தமே இல்லாமல். நான் மைக்கை அணைத்தேன்.