தாமஸ் சட்டைப்பையில் எங்கள் ஃபேன்

வயதுக்கு மரியாதை கொடுத்து தாமஸை 'அவர்' என்றே சொல்கிறேன். அதற்கு மேல் அந்த ஆளைப் பற்றி என் வாயிலிருந்து நல்ல வார்த்தை வராது.

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் அவருடைய வீடு. முப்பது வருடம் துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டு, ரிட்டயர் ஆன கையோடு மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு ஒரு போர்ஷன் கட்டினார். 2002 ஏப்ரலில் நானும் என் கணவர் அறிவும் வியாசர்பாடியிலிருந்து அங்கே குடிபோனோம். கரண்ட், தண்ணீர் எல்லாம் வாடகையிலேயே சேர்த்தி, தனியாக எதுவும் தர வேண்டாம் என்றார். தங்கமான மனுஷன் என்று அம்மாவிடம் பெருமையடித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சேர்த்தி என்றால் என்ன என்று முதல் வாரத்திலேயே தெரிந்தது. நாங்கள் வெளியே போய்த் திரும்பினால் பின்னாலேயே படியேறி வந்து, டி.வி.யின் முதுகைத் தொட்டுப் பார்ப்பார், சூடு இருக்கிறதா என்று. அயர்ன் பாக்ஸுக்கும் அதே சோதனை. வெயில் ஏறியதும் இன்னொன்று ஆரம்பித்தார். கீழே மீட்டர் பெட்டியில் எங்கள் போர்ஷனுக்கு இருந்த பீஸ் கட்டையைக் காலை ஒன்பது மணிக்குப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திரும்ப மாட்டுவார். பகலில் எவனுக்கு ஃபேன் வேண்டும் என்பது அவர் கட்சி.

பகலில்தான் அறிவுக்குத் தூக்கமே. கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், நைட் ஷிப்ட். தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் கொதிக்க, ஈரத்துண்டை மார்பில் போட்டுக்கொண்டு தரையில் புரளுவார். விசிறி விசிறி என் கை கழன்றுபோனது. தாமஸிடம் கெஞ்சினால், கப்பலின் இரும்புத் தளத்தில் தான் உச்சி வெயிலில் தூங்கிய கதையை அரை மணி நேரம் அளந்தார்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலை அறிவு வண்டியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். வண்டி போய்ச் சுவரில் மோதி நின்றது. ஒரு முழம் தள்ளி ஒருத்தர் குந்தி டீ குடித்துக்கொண்டிருந்தாராம். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலைக்கு வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வேலை கிடக்கட்டும், ஒரு உயிர் போயிருந்தால்? அன்றைக்கும் ஒன்பது மணிக்கு ஃபேன் நின்றது. கீழே போய் நடந்ததைச் சொல்லி அழுதேன். தாமஸ் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"உன் புருசன் வண்டில தூங்கி வியுந்ததுக்கு நான் இன்னாம்மா பண்ணுவேன்?"

மறுநாள் ஞாயிறு. அறிவு எட்டரைக்கு வந்து படுத்தார், ஒன்பதுக்கு ஃபேன் நின்றது. இறங்கி ஓடினேன். கீழ் வீடு பூட்டியிருந்தது. தாமஸும் அவர் மனைவி எல்சி அக்காவும் பூசைக்குப் போய்விட்டார்கள், கட்டையும் கூடவே போய்விட்டது. மேலே வந்து முக்கால் மணி நேரம் விசிறினேன்; அறிவு எழுந்து உட்கார்ந்து அந்த ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு சர்ச்சுக்கு நடந்தேன்.

உள்ளே சாமியார் கையால் நற்கருணை அப்பம் வாங்க வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. தாமஸ் வெள்ளைச் சட்டையில், இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சட்டைப்பை கனத்துத் தொங்கியது. நான் சத்தம் போடவில்லை. நேரே போய்ப் பையில் கையை விட்டுக் கட்டையை எடுத்தேன். கண்ணைத் திறந்தார். எதிரே சாமியார், சுற்றிலும் தெரிந்த முகங்கள். கூப்பிய கையைப் பிரிக்க முடியவில்லை அவரால். எல்சி அக்கா தலையைத் திருப்பிக்கொண்டார்.

வந்து கட்டையை மாட்டினேன். மேலே போனேன். ஐந்து நிமிடத்தில் அறிவு குறட்டை விட்டார். அப்புறம் அரிவாள்மணையையும் வாங்கி வைத்திருந்த சங்கரா மீனையும் எடுத்துக்கொண்டு இறங்கி, மீட்டர் பெட்டிக்கு நேர் கீழே உட்கார்ந்தேன்.

பூசை முடிந்து தாமஸ் வந்தார். மூஞ்சியில் ரத்தமே இல்லை. என் தலைக்கு மேல் கையை நீட்டியவர், நான் ஒரு மீனின் தலையை நறுக்கியதும் நிறுத்திக்கொண்டார்.

"வூட்ட காலி பண்ணு. இன்னிக்கே."

வீடு போகும் என்று சர்ச் வாசலிலேயே எனக்குத் தெரியும். அடுத்த மீனை எடுத்தேன்.

"நாலு மணிக்கு எய்ந்துப்பாரு. அப்ப வந்து அவராண்ட சொல்லுங்கண்ணா."

நாலு மணி வரைக்கும் நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.