கோப்பெங் லயமும் அண்ணனின் ஆக்சிஜன் இயந்திரமும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை கிள்ளானிலிருந்து கோப்பெங் போய் வந்தேன். குகை பார்க்கவில்லை, ஆற்றில் படகு விடவில்லை. அங்கே பழைய ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், என் அண்ணன் குடியிருக்கிறார். மூன்று மாதமாகத் தொலைபேசியில் அவருக்கு ஒரே பேச்சுதான். மாவட்ட மன்றம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்கிறதாம். லயம் மொத்தமும் போன வருடத்தைவிடக் குறைவாகச் செலவழித்தால், பெரிய சாலையிலிருந்து லயம் வரைக்கும் சோலார் விளக்கு போட்டுத் தருவார்களாம்.

இருட்டில் அந்தப் பாதையில் நடந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். தொழிற்சாலையில் மாலை ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் கையில் கம்போடுதான் நடப்பார்கள், பாம்புக்கும் மனிதருக்கும் சேர்த்து. அந்தச் சனிக்கிழமை மன்றத்து அதிகாரி முடிவு சொல்ல வருகிறார் என்றதும் நானும் கிளம்பிவிட்டேன்.

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வந்து, அங்கிருந்து ஈப்போவுக்கு மின்ரயிலில் இரண்டரை மணி நேரம். கட்டணம் நாற்பது வெள்ளிக்குச் சற்று மேலே ஆனது. வார இறுதியில் முன்பதிவு செய்யாமல் போனால் வீடு திரும்ப வேண்டியதுதான். உள்ளே அநியாயக் குளிர். சிக்கனத்தை முதலில் அந்த ரயிலில் தொடங்கியிருக்கலாம். ஈப்போவிலிருந்து கோப்பெங் இருபது கிலோமீட்டர். பேருந்துக்குக் காத்திருக்கும் பொறுமை எனக்கு இல்லை. முப்பத்தைந்து வெள்ளிக்கு வாடகைக் கார் பிடித்தேன். ஓட்டுநர் தமிழர். நான்கு ஜன்னலும் திறந்து கிடந்தன.

"ஏர்கோன் இல்லையா தம்பி?"

"இருக்கு அக்கா. எங்க குடியிருப்புத் தாமான்லயும் இந்த கரண்டு மிச்சம் பிடிக்கிற கூட்டம் நடக்குது லா. அதுலேருந்து வீட்ல லைட்டு, ஃபேனு எதத் தொறந்தாலும் எம் பொண்டாட்டி முறைக்கிறா. அது கார் வரைக்கும் வந்துருச்சு."

கேட்டதும் போட்டுவிட்டார், நல்ல மனிதர்.

நான் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அண்ணனுக்கு நுரையீரல் பலவீனம். போன வருடம் முதல் வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் ஓடுகிறது. குளிக்கும் நேரம் தவிர அது நிற்கக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதன் இரைச்சல் வாசல் வரைக்கும் கேட்கும். அன்று கேட்கவில்லை. உள்ளே போனால் இயந்திரத்தின் மேல் துண்டு போர்த்தியிருந்தது. அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். உதடெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது.

"ஏண்ணே சுவிட்ச அடைச்சு வச்சிருக்கீங்க? மெஷின் கெட்டுப் போச்சா?"

"கெடல. ஒங்க அண்ணி வேலைக்குப் போனதும் அடைச்சிருவேன். அவ வர்றதுக்குள்ள தொறந்துருவேன். சொல்லிராத."

"பைத்தியமா ஒங்களுக்கு?"

"நாள் பூரா... கரண்டு இழுக்குது லா இது. என் ஒரு வீட்டால... லயத்துக்கே லைட்டு இல்லாமப் போகணுமா?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது தோட்டத்து எஞ்சின்தான் லயத்துக்கு மின்சாரம் கொடுத்தது. யாராவது இஸ்திரிப் பெட்டியைச் சொருகினால் எல்லா வீட்டு விளக்கும் மங்கிப்போகும். எந்த வீடு, எந்த வீடு என்று வாசலில் கூச்சல் கிளம்பும். ஒருமுறை எங்கள் வீடு அகப்பட்டுக்கொண்டது. அப்பா இரண்டு நாள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தோட்டத்தை விற்று, அரசாங்க மின்சாரம் வந்து, வீட்டுக்கு வீடு மீட்டர் மாட்டி எத்தனையோ வருடமாகிவிட்டது. அண்ணன் மனதுக்குள் மட்டும் அந்த எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இயந்திரத்தைப் போட்டுவிட்டு, குழாயை மூக்கில் மாட்டி, அவர் உதட்டில் நிறம் திரும்பும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு அதிகாரி வந்திருந்த லயத்து மண்டபத்துக்குப் போனேன். நடக்கவில்லை, கோபத்தில் ஓடினேன்.

அங்கே எல்லாரும் ஒரே சிரிப்பாக இருந்தார்கள். மண்டபத்துக் குளிர்பெட்டி பல வருடமாக ஓடியிருக்கிறது, உள்ளே இரண்டு புட்டி ரோஸ் சிரப் மட்டும். அதை நிறுத்தியதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மன்றத்து அதிகாரி தேவி, சின்ன வயதுப் பெண், பழைய பல்புகளை வாங்கிக்கொண்டு புதியவற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நேராக அவரிடம் போனேன்.

"ஒங்க லைட்டுக்காக எங்கண்ணன் ஆக்சிஜன் மெஷின அடைச்சிட்டு உக்காந்திருக்காரு. தெரியுமா ஒங்களுக்கு?"

தேவியின் கையிலிருந்த பல்புப் பெட்டி மேசைக்கு வந்தது.

"அக்கா, ஆஸ்பத்திரி மெஷின் ஓடுற வீட்ட நாங்க கணக்குலயே சேக்கல. மொதல் கூட்டத்துலயே சொன்னோமே."

அந்த முதல் கூட்டத்துக்கு அண்ணனால் நடந்து போக முடியவில்லை, அண்ணிக்கு வேலை. விளக்கு வருகிற செய்தி மட்டும் வீடு வீடாக ஓடியிருக்கிறது. மற்றது மண்டபத்திலேயே தங்கிவிட்டது. கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், துக்கத்தில் இல்லை, நிம்மதியில்.

பாதி லயம் என்னோடும் தேவியோடும் வீட்டுக்கு வந்தது. பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா, மாலை ஷிப்டில் கம்போடு வருகிறவர்களில் ஒருவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்தார்.

"ஏன் தம்பி, ஒன் மூச்ச அடைச்சு எங்களுக்கு லைட்டா? அந்த வெளிச்சத்துல நாங்க எப்புடிய்யா நடப்போம்?"

அண்ணன் தலை நிமிராமலே, "அப்ப லைட்டு?" என்றார்.

"அடுத்த மாசம் போடுறோம் அண்ணே," என்றார் தேவி. "ஒங்க வீட்ட சேக்காமலேயே லயம் கொறச்சிருச்சு."

அண்ணன் கண்ணை மூடி ஒரு நீண்ட மூச்சு விட்டார். சுற்றி நின்றவர்களும் விட்டார்கள்.

கோப்பெங் போகிறவர்கள் காலை ரயிலையே பிடியுங்கள், மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்கிறது. லயத்துப் பக்கம் போவதென்றால் திரும்பும் காரையும் அப்போதே பேசி வைத்துவிடுங்கள். உங்கள் ஊர் மன்றமும் இப்படி ஒரு திட்டம் கொண்டுவந்தால் மனதாரச் சேருங்கள், நல்ல திட்டம்தான். ஆனால் கூட்டத்துக்கு வர முடியாதவர் யார் என்று பார்த்து, அவர் வீட்டுக்கு ஒரு நடை போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

விளக்கு வந்துவிட்டது என்று முனியம்மா அக்கா படம் அனுப்பியிருந்தார். கையில் கம்பு இல்லை. அண்ணனைக் கூப்பிட்டேன். இப்போதெல்லாம் அவர் போனை எடுத்ததும் நான் உடனே பேசுவதில்லை. பின்னால் அந்த இரைச்சல் கேட்கிறதா என்று முதலில் காது கொடுக்கிறேன். கேட்ட பிறகுதான், "என்னண்ணே, சாப்பிட்டீங்களா?" என்கிறேன்.