பல் டாக்டரின் கழுத்து

எழுபதுகளின் கடைசியில் பாஸ்போர்ட்டுக்காகப் படம் எடுக்க எங்கள் தெரு ஸ்டூடியோவுக்குப் போனேன். ஸ்டூடியோக்காரர் கேமராவை விட்டுவிட்டு எழுந்து எழுந்து வந்தார்.

"தலைய நேரா வைங்க டாக்டர்."

"நேராத்தான்யா இருக்கு."

அவர் என் தாடையை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினார். நான் என்ன கல்யாண மாப்பிள்ளையா என்று எரிச்சல் வந்தது. ஆனால் அவர் நேராக்கிய தலை எனக்குக் கோணலாகத் தோன்றியது. அதுதான் பயமாக இருந்தது.

அப்போதெல்லாம் நாங்கள் நின்றுகொண்டேதான் பல் பார்ப்போம். நோயாளி நாற்காலியில் மகாராஜாபோல் உட்கார்ந்திருப்பார். நான் பக்கத்தில் நின்று, இடுப்பை வளைத்து, கழுத்தைத் திருகி அவர் வாய்க்குள் எட்டிப் பார்ப்பேன். வருஷக்கணக்கில் அப்படிப் பார்த்ததில் கழுத்து அப்படியே நின்றுவிட்டது. சில நாட்களாக வலக்கை விரல்களும் மரத்துப்போயின. எலும்பு டாக்டரான என் நண்பர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "கழுத்துல நரம்பு நசுங்குது. இப்பிடியே குனிஞ்சிகினு இருந்தா கை போயிடும். உக்காந்து வேல செய், இல்லன்னா தொழில வுட்டுடு" என்றார். எனக்கு வேறு தொழில் தெரியாது. காபிகூடப் போட வராது.

எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்துப் பட்டறையில் ஒரு ஸ்டூலுக்குச் சக்கரம் வைத்து வாங்கி வந்தேன். நான் உட்கார வேண்டுமானால் நோயாளி சாய்த்த நாற்காலியில் படுக்க வேண்டும். ஒருவரும் படுக்கவில்லை. வீராம்பட்டினத்து மீன்காரம்மா, "பல்லுதான டாக்டரே வலிக்குது? படுக்க வெக்கிற அளவுக்கு எனக்கு ஒண்ணும் ஆவல" என்று எழுந்துவிட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் ஒருவர் மீசையைத் தடவியபடி, "உக்காந்துகினு புடுங்கினா பலம் எங்கேர்ந்து வரும், முசியே?" என்று கேட்டார். டாக்டருக்கு வியர்த்துக் கொட்டினால்தான் அவர்களுக்கு நம்பிக்கை. நானும் வேறு வழியில்லாமல் நின்றே வியர்த்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து என் கம்பவுண்டர் பேப்பர் படித்தார்.

ஒருநாள் குறடு என் விரல்களில் நிற்காமல் தரையில் விழுந்தது. நோயாளி கவனிக்கவில்லை. எனக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கன்னம் வீங்கி வந்தவர் அதே ஸ்டூடியோக்காரர். நம்பிக்கையில்லாமல்தான் "படுங்க" என்றேன். உடனே படுத்துவிட்டார்.

"எங்கிட்ட வர்றவங்கள நான் இன்னா பாடு படுத்தறேன். இன்னிக்கு நீங்க சொல்றாப்ல நான் இருக்கேன்."

ஊசி போட்டுவிட்டு அவர் தலைமாட்டில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பழக்கதோஷம், கொஞ்ச நேரத்தில் என் தலை சரிந்தது. வாய் நிறையப் பஞ்சு இருந்ததால் அவரால் பேச முடியவில்லை. கையைத் தூக்கி, என் தாடையை இரண்டு விரலால் பிடித்து நேராக்கினார். இந்த முறை எரிச்சல் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. பல்லும் வந்தது. விரல்கள் கடைசிவரை மரத்துப்போகவில்லை.

வெளியே காத்திருந்தவர்களிடம் அவர் கோணவாயோடு, "படுத்துகினா வலியே தெரில" என்றார்.

அது ஊசி செய்த வேலை. நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்து வந்தவர் சொல்லாமலே படுத்துக்கொண்டார். எண்பதுகள் முழுவதும் நான் பல் பிடுங்கியது அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான்.