டாக்டர்களின் மானம் காத்த அலர்மேல்மங்கை

எந்த டாக்டரும் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லி அலர்மேல்மங்கை கேட்டதில்லை. இத்தனைக்கும், டாக்டர்கள் தங்களுக்குத் தெரியாததைக் கேட்பதற்கென்றே வைத்திருக்கும் போனை எடுப்பதுதான் அவள் வேலை.

அரசாங்கம் பணம் போட்டு நடத்தும் லைன் அது. நோயாளிகள் அதில் பேச முடியாது. பெங்களூரிலும், அந்தப் பக்கம் அத்திபெலே வரைக்கும் இருக்கிற சின்னச் சின்ன அரசு ஆஸ்பத்திரி டாக்டர்கள் மட்டும் கூப்பிடலாம். காலையிலிருந்து காய்ச்சலும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டரின் எதிரே, காதுக்குள் யாரோ திட்டுகிறார்கள் என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால் அவர் என்ன செய்வார்? இந்த நம்பரைப் போடுவார். அலர்மேல்மங்கை விவரம் கேட்டுக்கொண்டு, பக்கத்து அறையில் இருக்கும் மனநல மருத்துவர் ஜூலியாவுக்குக் கொடுப்பாள். என்ன மாத்திரை, எவ்வளவு, வீட்டாரிடம் எதை விசாரிக்க வேண்டும் என்று ஜூலியா சொல்லிக் கொடுப்பார். நோயாளி தன் பேட்டையை விட்டு நகராமலே வைத்தியம் ஆரம்பித்துவிடும்.

இந்த வேலைக்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க முடியாது. தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர், அப்பா தலைமைச் செயலகத்தில் குமாஸ்தா. மேலே இருக்கிறவர் முகம் வாடக் கூடாது என்பது அந்த வீட்டின் ரத்தத்திலேயே ஊறிப்போனது. இந்த லைனுக்கு வருமுன் சிவாஜிநகரில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் மேஜையில் வருஷக்கணக்காக உட்கார்ந்தாள். நோயாளியின் பெயரை மறந்து அந்த டாக்டர் திருதிருவென்று விழித்தால், தண்ணீர் வைக்கிற சாக்கில் உள்ளே போய், “என்ன முனிரா பேகம், முட்டி வலி தேவலையா?” என்று கேட்டுவிட்டு வருவாள். டாக்டருக்குப் பெயரும் கிடைத்துவிடும், வியாதியும் தெரிந்துவிடும்.

லைனில் கூப்பிடும் டாக்டர்கள் விதவிதமாகச் சமாளிப்பார்கள். அத்திபெலே பக்கத்து டாக்டர் நோயல், மேல்படிப்புக்குத் தயாராகும் தன் தங்கைக்கு ஒரு சந்தேகம் என்பார். பின்னாலேயே ஒரு கிழவர் ஓவென்று அழுகிற சத்தம் கேட்கும். கிருத்திகா என்கிற இளம் டாக்டர், தான் எல்லாம் முடிவு செய்துவிட்டதாகவும் ஜூலியா மேடம் ‘ம்’ போட்டால் போதும் என்றும் சொல்லுவாள். அந்த ‘ம்’ போட ஜூலியாவுக்கு அரைமணி நேரம் பிடிக்கும்.

இவர்களுக்கெல்லாம் பெரியவர் ஸ்ரீராம்புரத்து டாக்டர் கோவிந்தராஜன். அங்கேயே ஒரு சந்தில் பிறந்து, மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளியின் மகனாக வளர்ந்து, அந்தச் சந்துக்கே முதல் டாக்டராக வந்தவர். பள்ளிக்கூட அட்மிஷனிலிருந்து பக்கத்து வீட்டுச் சுவர்த் தகராறு வரை ஜனங்கள் அவரைத்தான் கேட்பார்கள். அப்படிப்பட்டவர் வாயில் ‘தெரியாது’ எப்படி வரும்? அவர் ஒன்று சொல்லுவார், ஜூலியா நேர் எதிராகச் சொல்லுவார். “அதையேதான் நானும் நினைச்சேன்” என்று இவர் கம்பீரமாக போனை வைப்பார்.

ஒவ்வொரு போன் முடிந்ததும் கம்ப்யூட்டரில் இரண்டில் ஒன்றை அழுத்த வேண்டும். டாக்டருக்குத் தெரியவில்லை, வழிகாட்டினோம் என்பது ஒன்று. டாக்டருக்கு ஏற்கெனவே தெரியும், உறுதி செய்துகொண்டார் என்பது இன்னொன்று. படித்த மனுஷரைப் போய்த் தெரியாதவர் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க அலர்மேல்மங்கைக்கு மனசு வருமா? லைன் ஆரம்பித்த நாளிலிருந்து எல்லாரையும் தெரிந்தவர்களாகவே போட்டுவிட்டாள். அது மரியாதை என்று நினைத்தாள். தான் உட்கார்ந்திருக்கும் கிளையைத் தானே வெட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

உறைத்தது நிதித்துறையிலிருந்து ஸ்ரீஹர்ஷா வந்த அன்றைக்கு. தங்கமான மனுஷர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அடுத்த வருஷத்துக்குப் பணம் ஒதுக்கலாமா என்று பார்க்க வந்திருந்தார். வந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சந்தோஷமாகிவிட்டார். கர்நாடகத்தில் இத்தனை விவரமான டாக்டர்கள் இருக்கிறார்கள் என்பது தனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்றார். பிறகு கன்னடத்தில் மிக மரியாதையாக, எல்லாம் தெரிந்தவர்களுக்கு எதற்கு அம்மா இந்த லைன், பணத்தை வேறு நல்ல காரியத்துக்குக் கொடுத்துவிடலாமே என்று கேட்டார்.

ஜூலியா பார்த்த பார்வையில் அலர்மேல்மங்கை அப்படியே நாற்காலிக்குள் புதைந்துபோனாள். தன் வேலை போகிறது ஒரு பக்கம். ஓவென்று அழுகிற அந்தக் கிழவரை எதிரே வைத்துக்கொண்டு நோயல் இனி யாரைக் கேட்பார் என்பதுதான் அவளை உலுக்கியது.

ஜூலியா விடவில்லை. டாக்டர்கள் எல்லாரையும் வீடியோ மீட்டிங்கில் கூப்பிடுகிறேன், அவர்களையே கேளுங்கள் என்றார். ஸ்ரீஹர்ஷாவும் ஒத்துக்கொண்டார்.

மறுநாள் மீட்டிங் அலர்மேல்மங்கையின் லேப்டாப்பில் நடந்தது. பக்கத்தில் ஸ்ரீஹர்ஷா உட்கார்ந்திருந்தார். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களில் டாக்டர்கள். வேலை நேரம் என்பதால் பாதிப் பேர் முகத்தைக் காட்டாமல் பெயரை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார்கள். நிஜமாகவே தெரியாமல் இந்த லைனைக் கூப்பிட்டவர் யாராவது உண்டா, சொல்லுங்கள் என்று ஸ்ரீஹர்ஷா பதமாகக் கேட்டார். நோயல் மேலே ஃபேனைப் பார்த்தார். கிருத்திகா குனிந்து எதையோ தேடினாள்.

அந்த நேரம் பார்த்து லைன் போன் அடித்தது. அலர்மேல்மங்கை எடுத்தாள். கோவிந்தராஜன். அவர் குரல் ஒரு காதில் போனிலிருந்தும் மறு காதில் லேப்டாப்பிலிருந்தும் சேர்ந்தே வந்தது. முகத்தை மறைத்த மனுஷர் மீட்டிங்கில் மைக்கை அணைக்க மறந்திருந்தார்.

“அம்மா, சீக்கிரம் ஜூலியா மேடத்தைக் குடுங்க. எதிர்ல ஒரு பொண்ணு இருக்கா, குழந்தை பொறந்து கொஞ்ச நாள்தான் ஆவுது. அந்தக் குழந்தையப் பாத்தாலே பயமா இருக்குதுங்கறா. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலம்மா.”

ஊரிலுள்ள டாக்டர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். ஸ்ரீஹர்ஷா நிமிர்ந்து உட்கார்ந்தார். லைனைக் காப்பாற்ற இதைவிட வேறு ஒரு வார்த்தை வேண்டுமா? அலர்மேல்மங்கை சும்மா இருந்தாலே போதும். ஆனால் பாழாய்ப்போன பழக்கம் விடுமா? ஒரு கை போனை ஜூலியாவுக்கு மாற்றிவிட்டது, இன்னொரு கை லேப்டாப்பில் கோவிந்தராஜனின் மைக்கை அணைத்துவிட்டது.

யார் அது பேசியது என்று ஸ்ரீஹர்ஷா கேட்டார். நெட்வொர்க் சரியில்லை சார், வேறு ஏதோ லைன் குறுக்கே வந்துவிட்டது என்றாள். சொன்னதும் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஸ்ரீஹர்ஷா அரைமணி நேரம் சில பேரிடம் அவரவர் வட்டாரத்து நிலவரம் விசாரித்தார். யாரும் பிடிகொடுக்கவில்லை. பெருமூச்சு விட்டு, அப்படியென்றால் முடித்துக்கொள்ளலாம் என்று நன்றி சொல்ல ஆரம்பித்தார்.

திரையில் ஒரு கட்டத்தில் முகம் வந்தது. கோவிந்தராஜன். நெற்றியெல்லாம் வியர்வை. நடுவில் என் குரலை யாரோ நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஆரம்பித்தார். அலர்மேல்மங்கைக்குக் கன்னம் சுட்டது.

“முன்னாடி பேசுனது நான்தான் சார்,” என்றார். “நரம்புத் தளர்ச்சின்னு சத்து ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்ப இருந்தேன். ஜூலியா மேடம் அந்தப் பொண்ணுகிட்ட ஒரு கேள்வி கேக்கச் சொன்னாங்க. சாகணும்னு தோணுதாம்மான்னு கேட்டேன். ராத்திரி மாடிக்குப் போயி நின்னேன்னு சொன்னா சார். இப்ப அவ அம்மாவும் எங்க நர்ஸும் கூடவே ஆட்டோவுல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. எனக்குத் தெரியாது சார். இதுக்கு முன்னாடி கேட்டதெல்லாமும் தெரியாமத்தான் கேட்டேன்.”

சொல்லி முடித்த கையோடு கட்டம் மறைந்துபோயிற்று. மீட்டிங் முடிந்ததுமே அலர்மேல்மங்கை அவரைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மத்தியானம் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மனுஷர் எத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்த மானம் அது. சாயங்காலம் கூப்பிட்டபோது எடுத்தார்.

பெண் எப்படி இருக்கிறாள் என்று அவள் விசாரித்தாள். வார்டில் சேர்த்துவிட்டார்களாம், தூங்குகிறாளாம். லைனுக்குப் பணம் வந்துவிடும் என்று ஸ்ரீஹர்ஷா வாய்விட்டே சொல்லிவிட்டுப் போனதையும் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் ‘ம்’ கொட்டினார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

“நான் அப்படிச் சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்களா?”

“யாரும் சிரிக்கல டாக்டர். நீங்க போனதும் ஒருத்தர் கை தூக்கினார், நானும்தான்னு. அப்புறம் அவர் பக்கத்துக் கட்டத்துல, அப்புறம் அடுத்ததுல. ஸ்கிரீன் பூரா கைதான்.”

போனில் மூக்கை உறிஞ்சுகிற ஒலி கேட்டது. பிறகு பழைய கோவிந்தராஜன் மெல்ல எட்டிப் பார்த்தார்.

“யார் யாரும்மா?”

“அதை மட்டும் கேக்காதீங்கோ டாக்டர்,” என்றாள் அலர்மேல்மங்கை.