நான் கேட்டு வாங்கிய விலாசம்

இரண்டு பக்க மனுவைக் கையால் நகலெடுக்க அந்த நாளில் எனக்கு இருபத்திரண்டு நிமிடம் பிடிக்கும். எழுதி முடித்ததும் மூலத்தையும் நகலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சொற்களை எண்ணுவேன். எண்ணிக்கை ஒத்துப்போனால்தான் அடியில் ‘உண்மை நகல்’ என்று எழுதிச் சுருக்கொப்பம் வைப்பேன். பெரிய காஞ்சிபுரத்தில் வருவாய்த்துறை அலுவலகம் ஒன்றில் பதினேழு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிழை என்று ஒரு நகல்கூடத் திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு.

இப்போது எங்கள் தெருவில் ஓய்வூதியக்காரர்கள் நான்கு பேர் காலையில் பேப்பரை விரித்துக்கொண்டு பேசுகிறார்கள். போலீஸ் மேல் வரும் புகாரைப் போலீஸே விசாரிக்கக் கூடாதாம். அதற்குத் தனியாக ஓர் அமைப்பு வேண்டுமாம். வரட்டும். விசாரணைக்கு வரச்சொல்லும் நோட்டீஸை யார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்று மட்டும் கேட்டேன். கிழவனுக்கு எதிலும் ஒரு நொட்டை என்று சிரித்தார்கள்.

தனி விசாரணை எங்களிடம் அப்போதே இருந்தது. அறுபதுகளின் கடைசி வருடங்களைச் சொல்கிறேன். போலீஸ்காரர் கைநீட்டினார் என்று புகார் வந்தால் எங்கள் அதிகாரி விசாரிக்கலாம். அவருக்கு மேலதிகாரி வேறு, கட்டடம் வேறு, இலாகா வேறு. ஸ்டேஷனுக்கும் எங்கள் ஆபீசுக்கும் நடுவே இருந்தது நானூற்றுச் சொச்சம் அடி தூரம். அந்தத் தூரத்தை நான் நம்பினேன்.

திங்கட்கிழமை மனு வாங்கும் நாள். வரிசையில் பத்தொன்பதாவதாக அந்தப் பெண் நின்றாள். இருபத்துநான்கு வயது என்று மனுவில் எழுதியிருந்தாள். கூடவே முசரவாக்கத்திலிருந்து அவளுடைய பெரியம்மா, வயல்வேலை செய்யும் அம்மாள். மனு அவள் கையெழுத்திலேயே இருந்தது, ஒரு அடித்தல் இல்லாமல். எனக்கு அதுவே மரியாதையாகப் பட்டது. பெயருக்குக் கீழே விலாசத்துக்கான இடம் மட்டும் காலி.

“விலாசம் எழுதலையேம்மா.”

“எழுதாத குடுக்கக் கூடாதா சார்?”

“கூடாது. விலாசம் இல்லாட்டி இது மொட்டை மனு. நேரா குப்பைக்குத்தான் போகும்.”

“நான் எங்க இருக்கறேன்னு எங்க வூட்டுக்காரருக்குத் தெரியாது சார். தெரிஞ்சா…”

“இது வேற இலாகாம்மா. ஸ்டேஷனுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது.”

அவள் தயங்கினாள். பெரியம்மாதான் தோளில் இடித்தாள். “எழுதிக் குடுடி. படிச்சவரு சொல்றாரில்ல.”

என் பேனாவை வாங்கி எழுதினாள். பெரியம்மா பெயர், தெரு, முசரவாக்கம். ஆறு சொற்கள்.

மனுவில் இருந்தது இதுதான். அவள் சின்ன காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். அம்மா முன்பே இல்லை. அப்பா செத்ததும் தறியை விற்று அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் எங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே கான்ஸ்டபிள். மூன்று வருடமாக அடி. இடது காது கேட்பதில்லை. ஸ்டேஷனுக்கே மூன்று தடவை போயிருக்கிறாள். முதல் தடவை, “புருசன் அடிக்காம ஊரானா அடிப்பான்?” என்று அங்கே எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் கேட்டார். இரண்டாம் தடவை அவள் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும் முன்பே செய்தி புருஷனுக்குப் போய்விட்டது. மூன்றாம் தடவை ஸ்டேஷன் வாசலில் துப்பாக்கியோடு பாரா நின்றது அவனே. அவள் கேட்டிருந்தது இரண்டு. வேறு யாராவது விசாரிக்க வேண்டும். விசாரிக்கும் வரை, தான் இருக்கும் இடத்துக்கு அவன் வரக் கூடாது.

எங்கள் அதிகாரி மனுவை ஓரத்தில் மடித்து, சிவப்பு மையில் மூன்று சொல் எழுதினார்: ஸ்டேஷன் விளக்கம் பெறுக. வழக்கம் அதுதான். புகாரின் நகல் ஸ்டேஷனுக்குப் போகும், அவர்கள் பதில் எழுதுவார்கள், பிறகு விசாரணை. நகல் என் வேலை.

மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள். கடைசி ஆறும் விலாசம். அவள் சொன்னது எனக்கு நினைவிருந்ததா என்றால், இருந்தது. அந்த இடத்தில் பேனா நின்றது. விலாசத்தை விட்டுவிட்டு நானூற்றாறோடு முடித்திருக்கலாம். ஸ்டேஷனில் யாரும் எண்ணப் போவதில்லை. மேலதிகாரி ஒப்பிட்டுப் பார்க்கப் போவதில்லை. இந்தக் காஞ்சிபுரத்தில் அதை எண்ணக்கூடிய ஒரே ஆள் நான். ஆறு சொல் குறைந்தால் அது உண்மை நகல் ஆகாதே என்று யோசித்தேன். ஆறையும் எழுதினேன். எண்ணினேன். ஒத்துப்போனது.

நான்காம் நாள் பெரியம்மா வந்தாள். வாசலிலேயே சத்தம் கேட்டது.

“எங்கய்யா அந்த எண்ணி எண்ணி எழுதறவரு?”

பியூன் என் மேஜையைக் காட்டினான்.

“நேத்து பகல்ல மூணு பேரு வந்தாங்கய்யா, காக்கி சட்டை போட்டுக்கினு. அவன், கூட ரெண்டு பேரு. கையில பேப்பரு. ‘பாருடி, நீயே விலாசம் எழுதிக் குடுத்துக்கிறே’ன்னு படிச்சிக் காட்றான்யா! கையப் புடிச்சி இழுத்துக்கினு பூட்டான். தெருவே பார்த்துக்கினு நிக்குது. காக்கி சட்டைய எவன் தடுப்பான்?”

“சத்தம் போடாதீங்கம்மா. ஆபீஸ் இது.”

“இன்னாய்யா ஆபீஸு? ஸ்டேஷனுக்குப் பின்வாசலு இது! முன்வாசல்ல போனா அடி, பின்வாசல்ல போனா புடிச்சிக் குடுக்கறீங்கோ.”

அவள் போன பிறகு பக்கத்து மேஜைக்காரர் பைலிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்: “உன் கையெழுத்து அவ்ளோ தெளிவுப்பா. வேற எவன் எழுதியிருந்தாலும் முசரவாக்கம்னு படிக்க முடியாம ஊரெல்லாம் தேடிக்கினு இருந்திருப்பானுங்க.”

மேஜைகள் ஏழு. ஆறு பேர் சிரித்தார்கள்.

விசாரணை இருபத்து மூன்றாம் நாள் நடந்தது. அவளுக்கான நோட்டீஸும் ஸ்டேஷன் வழியாகத்தான் போயிற்று, அதுவும் வழக்கமே. கொண்டுபோய்க் கொடுத்தவன் புருஷனோடு வேலை பார்ப்பவன். புருஷனே அவளை அழைத்துவந்தான். உள்ளே வர அவனுக்கு அனுமதி இல்லை. வாசற்படியில் நிலைக்கதவில் சாய்ந்து நின்றான். அங்கே நிற்கக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. அவளுடைய நாற்காலியிலிருந்து அவன் ஒன்பது அடி தூரத்தில் இருந்தான்.

அவள் வலது கையில் மணிக்கட்டு வரை கட்டு.

“கையில என்னம்மா?” என்றார் அதிகாரி.

“தறிக்குழியில வுழுந்துட்டேன் ஐயா.”

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் நெசவாளி தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை மிதிப்பார். வீட்டுக்குள்ளேயே இடுப்பளவு பள்ளம். இந்த ஊரில் அடிபட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் சொல்வதெல்லாம் இந்தக் குழியைத்தான். டாக்டரும் அதையே எழுதிக்கொள்வார். வேறு ஊர்களில் வழுக்கும் கிணற்றடி இருக்கிறது. எங்களுக்குத் தறிக்குழி.

நான் வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தேன். கை நின்றது. தாழ்ந்த குரலில் சொன்னேன்: “ஐயா, மனுவுல பதினோராவது வரி. அப்பா செத்ததும் தறியை வித்துட்டதா இருக்கு. போலீஸ் குவார்ட்டர்ஸ்ல தறி கிடையாது.”

அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “நீங்க சாட்சியாய்யா, குமாஸ்தாவாய்யா?”

“குமாஸ்தா, ஐயா.”

“அப்ப எழுதுங்க.”

எழுதினேன். தறிக்குழி என்று எழுதினேன். மனுவில் சொன்னதெல்லாம் என்ன என்று கேட்டார். கோபத்தில் எழுதியது என்றாள். மொத்தம் ஏழு கேள்விகள், ஒன்பது நிமிடம். யாருக்குப் பயப்படுகிறாய் என்பது அந்த ஏழில் இல்லை. கையெழுத்துப் போட முடியாததால் இடது பெருவிரலில் மை தடவி நான்தான் அழுத்தினேன். அப்போது ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்த ஆளும் வாசலில் நிற்பவனும் ஒன்றுதான் என்று முடிவுகட்டிய பார்வை அது.

“வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போப்பா. நல்லபடியா வச்சுக்கோ,” என்றார் அதிகாரி வாசலைப் பார்த்து. அவர் கெட்டவர் இல்லை. கை நீட்டி எதையும் வாங்கியவர் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் படிப்பவர்கள் அவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள்.

புகாருக்கு முகாந்திரம் இல்லை என்று உத்தரவாயிற்று. நான்கு நகல்கள் எடுத்தேன்.

இரண்டு மாதத்தில் அவனுக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றலாயிற்று. அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். பெரியம்மா மறுபடி வந்தாள், இந்தத் தடவை சத்தம் போடவில்லை.

“எந்த ஊருக்கு இட்டுக்கினு போனான்னு மட்டும் கேட்டுச் சொல்லுப்பா. உயிரோட இருக்குதான்னு பார்த்துட்டு வந்துடறேன். வேற ஒண்ணும் வாணாம்.”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எழுதிக் கேட்க விதியில்லை. முடிந்த கோப்பு. ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அவள் அதையே கேட்டு இரண்டாம் தடவை வந்து போன மாலை, ஸ்டேஷனுக்கே நடந்துபோனேன். அதே ரைட்டர்தான் இருந்தார்.

“வா சார். இன்னா அபூர்வமா?”

விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“நம்ம ஆளு பொண்டாட்டி எந்த ஊருல இருக்குதுன்னு உனக்கு இன்னாத்துக்கு சார்? உன் வூட்டம்மாவுக்குத் தெரியுமா இந்த அக்கறை?”

அறையில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, “உக்காரு சார், தமாசுக்குச் சொன்னேன். டீ சாப்பிடு,” என்றார்.

என் வீட்டில் இரண்டு பெண்கள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். நாளைக்கு இந்த ஆளின் வாயில் என் பெயர் எப்படி ஊரெல்லாம் சுற்றும் என்று நினைத்தேன். டீயைக் குடித்தேன். நன்றாகவே இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பெரியம்மா மூன்றாம் தடவை வந்தாள். “விசாரிச்சேன், தெரியலைம்மா,” என்றேன். அவள் மேஜைமேல் கையை ஊன்றினாள். “படிச்சவரு,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வரிசையைப் பார்ப்பேன். வருகிறவர்களை ஒவ்வொருவராக எண்ணுவேன், பெரியம்மா இருக்கிறாளா என்று. ஐந்து திங்கட்கிழமைகள் அவள் வரவில்லை. ஆறாவது திங்களன்றும் வரவில்லை என்று தெரிந்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை.