எல்லையில் நின்ற தூளி

பிள்ளைவலி கண்ட இரண்டாம் நாள், என் மனைவியை அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கம்பில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். மலையில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு; வளப்பூர் நாட்டாரான எங்கள் தோள் எங்கள் எல்லை வரைக்கும்தான். அதற்கப்பால் அடுத்த நாட்டார் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். மீறித் தூக்கினால் அவர்களை மதிக்காததாகிவிடும். ஆளனுப்பிவிட்டு, தூளியை இறக்கிவைத்துக் காத்திருந்தோம்.

மேகத்துக்குள் இரைச்சல் கேட்டது. எங்களோடு இறங்கிய மிளகு வியாபாரி ராவுத்தர் அண்ணாந்து பார்த்தார்.

"கொழும்பு விமானமுங்க. மெட்ராசுல காலையில ஏறுனா மத்தியானச் சோறு அங்கதான்."

"நடுவுல எறங்கி ஆளு ஏத்திக்காதுங்களா?" என்றான் தூளி தூக்கியவன்.

"உன்னைய ஏத்துனா அது எந்திரிக்குமா?" என்றான் இன்னொருவன்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தூளிக்குள்ளிருந்து அவள் கேட்டாள்: "ஏனுங்க, நமக்கு இன்னும் எவ்வளவு தூரமுங்க?"

"இந்தா வந்துருச்சு கண்ணு."

பொய்யும் இல்லை. பள்ளத்தில் ஆஸ்பத்திரியின் ஓட்டுக்கூரை வெயிலில் சிவந்து தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய?

வெயில் சாயும் நேரத்தில் அடுத்த நாட்டார் வந்தார்கள், ஓட்டமாகத்தான் வந்தார்கள். கம்பைத் தூக்கக் குனிந்த பெரியவர் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உசுரு போனதை எல்லை தாண்டிக் கொண்டு போகப்படாதுங்க, சாமி. திருப்பிக் கொண்டு போயிருங்க."

வந்த வழியே ஏறினோம். இறங்கியதைவிட ஏறியது சீக்கிரம் முடிந்துவிட்டது. அவளுக்கு வலிக்குமே என்று யாரும் மெதுவாக நடக்க வேண்டியிருக்கவில்லை.