கோழிக் கூடைக்குள் ரோஜா

பூரணாங்குப்பத்தில் தனிஸ்லாஸ் மேஸ்திரியை யாரும் கேலி பேச முடியாது. வாயெடுப்பதற்குள் அவரே முந்திக்கொள்வார். "ரோஜாச் செடிக்குப் பூட்டு போட்ட ஒரே ஆளு நான்தாம்பா" என்று டீக்கடையில் தானே ஆரம்பித்து, கேட்பவர்களுக்கு வயிறு வலிக்கும்வரை விடமாட்டார். இது பிறவிக் குணமல்ல. எழுபதுகளின் நடுவில், அந்தச் செடி வருவதற்கு முன்னால், அவரைப் பார்த்து யாராவது லேசாகச் சிரித்தால்கூட அவருக்கு மூக்குமேல் கோபம் வந்துவிடும்.

புதுச்சேரியில் ஒரு பஞ்சு மில்லில் அவருக்கு மேஸ்திரி வேலை. விடிந்தும் விடியாமலும் சைக்கிளில் கிளம்பினால் பிற்பகலில் திரும்புவார். தெருமுனையிலேயே பெல்லை விடாமல் அடிக்க ஆரம்பித்துவிடுவார். மேஸ்திரி வருவது தெருவுக்குத் தெரிய வேண்டாமா? மில்லில் ஆட்களை அதட்டிப் பழகிய குரலை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகவும் அவருக்குத் தெரியாது. மனைவி அந்தோணி மேரி அந்தக் குரலுக்குப் பழகிப்போயிருந்தாள்.

ஒருமுறை சொந்தக்காரர் கல்யாணத்துக்காக அவர் மட்டும் பெங்களூர் போனார். எதையும் கேட்டுப் பழக்கமில்லாத அந்தோணி மேரி, அங்கே புடவை நன்றாயிருக்குமாமே என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். திரும்பி வந்தவர் கையில் புடவை இல்லை, மண்சட்டியில் ஒரு ரோஜாக் கன்று இருந்தது. குட்டை ரகம், முழங்காலுக்கு மேல் வளராது, கொத்துக் கொத்தாகச் சிவப்பாய்ப் பூக்கும், ஒரு கொத்து முடிந்தால் அடுத்தது வரும் என்று செடி விற்றவன் சொன்னதாக விளக்கினார். அவன் சொன்னது கன்னடத்தில். மேஸ்திரிக்குப் புரிந்தது பாதி. கடைசியில் அவன் இரண்டு விரல்களைக் கத்தரிபோல வைத்து வெட்டி வெட்டிக் காட்டினான். ஒட்டுச் செடி என்கிறான் போலிருக்கிறது என்று நினைத்து, எல்லாம் தெரிந்தவர் மாதிரி பலமாகத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

வாசலில் இருந்ததோ வெறும் கடல் மணல். அதைத் தோண்டி எடுத்துவிட்டு, பக்கத்து ஊரான உறுவையாற்றிலிருந்து வயல் மண்ணை மூட்டை கட்டிச் சைக்கிளில் கொண்டுவந்து கொட்டினார். உப்புக் காற்று படாமல் இருக்கக் கீற்றுத் தட்டி கட்டினார். பனித்திட்டு என்ற மீனவர் ஊரில் ஒருவரிடம் கருவாட்டுத் தூள் வாங்கிவந்து வேரில் புதைத்தார். அதிலிருந்த உப்புக்கு இலையெல்லாம் கருகியது, வாசனைக்குத் தெருப் பூனைகள் எல்லாம் வந்து மண்ணைப் பிறாண்டின. பிறகு அந்தோணி மேரிதான் அந்த மண்ணை மாற்றி, பஞ்சாயத்துக் குழாயில் பிடித்த நல்ல தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து வந்து ஊற்றினாள். செடி பிழைத்தது. "நான் வளத்த செடி" என்று மேஸ்திரி ஊருக்கெல்லாம் சொன்னார்.

பூக்க ஆரம்பித்ததும் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவர்களை எல்லாம் வாசலுக்கு இழுத்துவருவார். பார்க்கலாம், தொடக் கூடாது. பறிப்பது என்ற பேச்சே கிடையாது. பூ செடியிலேயே இருந்து வாடி உதிர வேண்டும் என்பது அவர் சட்டம். சீக்கிரமாகவே உதிர்ந்தன என்றாலும், அது காற்றின் வேலை என்று சமாதானப்பட்டுக்கொண்டார். அடுத்தடுத்துக் கொத்துகள் வந்துகொண்டே இருந்ததால் அவருக்குக் குறையும் இல்லை.

ஒருநாள் உற்றுப் பார்த்தார். காம்பு உதிர்ந்த மாதிரி இல்லை, கையால் ஒடித்த மாதிரி இருந்தது. தெருவே கேட்க, எவள் அவள் என்று கத்தினார். வீட்டில்தானே இருக்கிறாய், பார்க்கக் கூடாதா என்று அந்தோணி மேரியையும் ஏசினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, வாசலிலேயே உட்கார்ந்திருந்தால் அடுப்பை யார் பார்ப்பது என்றாள். அடுத்த வீட்டுத் தனக்கொடிமேல் அவருக்குச் சந்தேகம் விழுந்தது. மீன் கூடையோடு காலையில் கிளம்புகிற தனக்கொடி தலையில் பூ இல்லாமல் தெருவில் இறங்கமாட்டாள். சாட்சி வேறு வேண்டுமா? அவள் காதில் விழும்படி சாடை பேசினார். அவள் இவர் வீட்டுக்கு மீன் கொடுப்பதை நிறுத்திவிட்டாள்.

அதோடு விட்டாரா? கோழி கவிழ்க்கும் பெரிய மூங்கில் கூடையை எடுத்துச் செடிமேல் கவிழ்த்தார். இரண்டு பக்கமும் முளையடித்து, குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டினார். மில்லிலிருந்து வந்துதான் திறப்பார். கழுத்தில் மாதா படம் கோத்த உத்தரியக் கயிற்றோடு சாவியும் தொங்கியது. செபம் செய்யும்போது கைக்கு முதலில் அகப்படுவது சாவிதான். வீடிழந்த கோழி அடுப்பங்கரையில் முட்டையிட்டது.

இப்போது எந்தப் பூவும் களவு போகவில்லை. எல்லாம் செடியிலேயே வாடின, வாடிய இடத்தில் பச்சையாய்க் காய் பிடித்தது. மேஸ்திரிக்குத் தலைகால் புரியவில்லை. காய்த்தால் நல்ல செடி என்பது அவர் கணக்கு. மாமரத்துக்கும் முருங்கைக்கும் அதுதானே நியாயம்? ரோஜா காய்த்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று மறுபடியும் ஆட்களைக் கூட்டினார்.

செப்டம்பர் மாதா திருநாளில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒருநாள் உபயம் உண்டு. அன்றைய சப்பரத்துக்கு அந்தத் தெருவே பூ தர வேண்டும். அதற்காகக் கூடிய கூட்டத்தில் மேஸ்திரி எழுந்து, இந்த வருஷம் மாதா சுரூபத்துக்கு என் வீட்டு ரோஜா மட்டும்தான், கடைப் பூ வேண்டாம் என்று பங்குச் சாமியாருக்கு வாக்குக் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

வாக்குக் கொடுத்த பிறகு செடி ஒரு மொட்டுக்கூட விடவில்லை. எரு போட்டார், தண்ணீரைக் கூட்டினார், அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார். காய் பழுத்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. கொடியேற்றம் நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் முன்னால் தலைகுனிய வேண்டுமே என்று செடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில், தனக்கொடிதான் ஏதோ செய்து வைத்திருக்கிறாள், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

அந்தோணி மேரி வாசற்படியில் குறுக்கே நின்றாள்.

"அவ மேல பழி போடாதீங்க. பூவ எடுத்தது நாந்தான்."

"நீயா? உனக்கு இன்னாத்துக்கு?"

"தலையில வச்சிக்கத்தான். நாளைக்கு உதுந்துடும்னு இருக்குறதா பாத்துதான் எடுப்பேன். நீங்க மொனையில பெல் அடிப்பீங்க இல்ல, அது கேட்டதும் கயட்டி எருக்குழியில போட்டுடுவேன்."

"என்னக் கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா?"

"குடுத்திருப்பீங்களா?" என்று கேட்டாள். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள்.

மில்லையே அதட்டுகிற மேஸ்திரி மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு செடிப் பக்கம் போய் உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஒரு முழம் பூ வாங்கிவந்தோமா என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை. யோசிக்க யோசிக்க இன்னொன்றும் உறைத்தது. அவள் எடுத்துக்கொண்டிருந்தவரை செடி பூத்துக்கொண்டிருந்தது. பூட்டுப் போட்டார், நின்றுவிட்டது. காய் பிடித்ததும் தன் வேலை முடிந்தது என்று செடி ஓய்ந்துவிட்டிருக்கிறது. பெங்களூர்க்காரனின் இரண்டு விரல்கள் அப்போதுதான் கண்ணெதிரே வந்து வெட்டி வெட்டிக் காட்டின. திருடியைப் பிடிக்கிறேன் என்று தோட்டக்காரியைத் துரத்தியிருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

காயை எல்லாம் வெட்டி எறிந்தார். தனக்கொடி வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொன்னார். அவள் விட்டுவிடவில்லை. தெருவே கேட்டது சாடை, அதனால் மன்னிப்பும் தெரு கேட்கத்தான் வேண்டும் என்று வாசலில் நிற்க வைத்து மறுபடி சொல்ல வைத்தாள். மறுநாள் மீன் வந்தது.

வெட்டியும் திருநாளுக்கு நேரம் போதவில்லை. கடைசி நேரத்தில் கடைத்தெருவில் சாமந்தியும் அரளியும் வாங்கிச் சப்பரத்தை ஒப்பேற்றினார்கள். எங்கே மேஸ்திரி உங்கள் ரோஜா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்க, எல்லோரும் திரும்பினார்கள். "கோழிக் கூடையில வச்சிப் பூட்டுனேம்பா. செடி கோவிச்சிக்கிச்சு" என்றார் மேஸ்திரி. சிரிப்பு எழுந்தது. வழக்கமான கோபம் வரும் என்று அவர் காத்திருந்தார். வரவில்லை, அவருக்கே சிரிப்புதான் வந்தது.

ஐப்பசி மழையில் செடி துளிர்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பூ விரிந்தது. முதல் பூ மாதாவுக்குத்தான் என்று நினைத்து, பீடத்தில் வைக்க அந்தோணி மேரி தட்டை எடுத்துவந்தாள். மேஸ்திரி பூவைப் பறித்தார். பழக்கமில்லாத கை, முள் குத்தி ரத்தம் வந்தது. பறித்ததைத் தட்டில் வைக்காமல் அவளிடம் நீட்டினார்.

"மாதாவுக்கு நேந்தது" என்று அவள் பின்வாங்கினாள்.

"நீ வச்சிக்கினு கோயிலுக்கு வா. மாதா பாத்துக்குவாங்க."

கோயிலுக்குள் பெண்கள் எல்லோரும் முக்காடு போட்டிருப்பார்கள். பூசை முழுக்க அந்தோணி மேரியின் முந்தானைக்குள் பூ மறைந்துதான் இருந்தது. ஆண்கள் வரிசையில் முழங்காலிட்டிருந்த மேஸ்திரிக்கு மட்டும் அது அங்கே இருப்பது தெரியும்.

பூசை முடிந்து வாசலுக்கு வந்ததும் அவள் முக்காட்டை எடுத்தாள். பக்கத்தில் வந்த பெண்கள் பார்த்துவிட்டு, என்னடி இது, மேஸ்திரிக்குத் தெரியாமல் பறித்தாயா என்று கேட்டார்கள். மேஸ்திரிக்கு வழக்கம்போல, எல்லோரும் வீட்டுக்கு வந்து செடியைப் பாருங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"இல்லடி, அவருதான் பறிச்சிக் குடுத்தாரு" என்றாள் அந்தோணி மேரி. கேட்டவர்கள் பக்கத்திலேயே நிற்க, கடைசிப் படியில் இறங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். அவள் குரல் அவ்வளவு உரக்க வரும் என்பது மேஸ்திரிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.